முதுகில் ஒரு கிள்ளு

ஆறு வருஷமா என் முதுகை என் நாத்தனார்கிட்ட ஒப்படைச்சிருந்தேன். பேச்சுக்குச் சொல்லல, நிஜமாவே முதுகுதான்.

நான் டிஜே. ஒரு பாட்டோட வாலையும் இன்னொரு பாட்டோட தலையையும் கோர்த்து, எங்க முடிஞ்சுது எங்க தொடங்குச்சுன்னே தெரியாம ஓடவிடுறது என் வேலை. அதுக்குத் தலையைக் குனிஞ்சு, காதுல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு, அடுத்து வரப்போற பாட்டைத் தனியா கேட்டுக்கிட்டே இருக்கணும். எதிர்ல கூட்டம் ஆடுதா, கொட்டாவி விடுதான்னு எனக்குத் தெரியாது. அதைப் பாக்குறது என் வீட்டுக்காரரோட தங்கச்சி. மைக்கைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி நிப்பா, நாலு வார்த்தை கத்துவா, அப்புறம் பின்னாடி வந்து என் முதுகுல தட்டுவா. ஒரு தட்டுன்னா 'பாட்டை மாத்துங்க'. ரெண்டு தட்டுன்னா 'சத்தம் பத்தல'. கிள்ளுனா 'கை வைக்காதீங்க, விடுங்க, ஓடட்டும்'. பழுதான டிவியைக்கூட மனுஷங்க இதைவிட மரியாதையா தட்டுவாங்க.

இப்படியே ஓடிட்டிருந்த வண்டி, ஒரு கம்பெனியோட ஆண்டு விழாவுல அச்சு முறிஞ்சு நின்னுது. நிகழ்ச்சி முடிஞ்சதும் அந்த ஆபீஸ் மேனேஜரம்மா ஓடி வந்து என் நாத்தனார் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "மேடம், உங்களை மாதிரி ஒரு டிஜேவை நான் பாத்ததே இல்ல!" அவ ஏதோ சொல்ல வாயெடுத்தா. அதுக்குள்ள அந்தம்மா என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க லைட்டு ஆளா? அந்த மூலையில பிளக் பாயின்ட் வேலை செய்யல, கொஞ்சம் பாருங்களேன்"ன்னாங்க.

நான் போய்ப் பாத்தேன். சரியும் பண்ணிக் குடுத்தேன். அதைத்தான் இன்னி வரைக்கும் என்னால ஜீரணிக்க முடியல.

வீட்டுக்கு வந்ததும் அறிவிச்சுட்டேன். "இனிமே நான் தனி."

என் வீட்டுக்காரர் செருப்பைக் கழட்டிக்கிட்டே கேட்டாரு. "தனின்னா... வீட்டுலயா?" அப்ப அவர் முகத்துல ஒரு நொடி வந்துட்டுப் போன வெளிச்சத்தை நான் மறக்கல. சமயம் வரும்போது பேசிக்குவோம்.

நாத்தனார் என்னை ஒரு பார்வை பாத்தா. "சரி அண்ணி"ன்னா. அவ்வளவுதான். தடுத்திருந்தா ஆறு வருஷத்துக் கணக்கை ஒரே மூச்சுல கொட்டித் தீர்த்திருப்பேன். அந்தப் பாக்கியத்தையும் எனக்குக் குடுக்கல, மகராசி.

எங்க ஊர்ப் பக்கத்துல ஒரு பழைய சரக்குக் கிடங்கை நடன மண்டபமா மாத்தி ஒருத்தர் நடத்துறாரு. சத்தம் தாங்கலன்னு அக்கம்பக்கத்துக்காரங்க புகார் மேல புகார் எழுதினதால ஸ்பீக்கரையெல்லாம் மூட்டை கட்டிட்டு ஹெட்ஃபோன் ஆட்டத்துக்கு மாறிட்டாரு. உள்ள வர ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஹெட்ஃபோன். மேடையில ரெண்டு டிஜே, ரெண்டு சேனல். ஒரு சேனலைக் கேட்டா ஹெட்ஃபோன்ல பச்சை விளக்கு எரியும், இன்னொண்ணைக் கேட்டா நீலம். பட்டனை அமுக்கினா மாறிக்கலாம். வெளியிலேர்ந்து பாத்தா, நூறு பேர் சத்தமே இல்லாம குதிச்சுட்டிருப்பாங்க. பாக்கச் சகிக்காது.

நாங்க பிரிஞ்ச சேதி மண்டபக்காரர் காதுக்கு எப்படியோ போயிடுச்சு. மனுஷனுக்கு வாயெல்லாம் பல்லு. "ரெண்டு பேரும் வாங்க. ஆளுக்கொரு சேனல். சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம். முடியும்போது எந்த நிறம் அதிகமோ, அவங்களுக்குத்தான் இனிமே வாராவாரம் சனிக்கிழமை. வாசல் பலகையில அவங்க பேரு மட்டும்."

பேரு மட்டும். அந்த ரெண்டு வார்த்தை என்னைத் தூங்கவிடல. எனக்கு நாப்பத்தொண்ணு வயசு. எந்தப் பலகையிலயும் என் பேரு தனியா இருந்ததில்ல. அந்தச் சனிக்கிழமை எனக்கு வேணும்னா வேணும்தான், அதுல ஒளிக்க ஒண்ணுமில்ல. போதாக்குறைக்கு, ஒரு பாட்டோட இன்னொரு பாட்டைச் சேர்க்கத் தெரியாத ஒருத்தியோட போட்டி. ஜெயிக்கிறது இருக்கட்டும், அவ மானம் போகாம பாத்துக்கணுமேன்னு எனக்கு உள்ளூர இரக்கம் வேற. நான் எவ்வளவு நல்லவ பாருங்க.

ஆட்டம் தொடங்குச்சு. மேடைக்கு இந்த ஓரத்துல நான், அந்த ஓரத்துல அவ. முதல் அரை மணி நேரம் கண்ணு பட்டுடும், அத்தனை பச்சை. ஷிப்ட் முடிஞ்சு யூனிபார்மோட வந்த நர்சுங்க, பஸ் டிரைவருங்க, ஜோடி ஜோடியா வந்த சின்னஞ்சிறுசுங்க, எல்லாரும் பச்சை. என் வீட்டுக்காரர் நட்ட நடுவுல நின்னாரு. நான் பாத்தா பச்சை, தங்கச்சி பாத்தா நீலம். ரெண்டு பேரும் சேர்ந்து பாத்தப்போ ஹெட்ஃபோனைக் கழட்டித் துடைக்க ஆரம்பிச்சுட்டாரு.

அப்பதான் எனக்கு உற்சாகம் தலைக்கேறுச்சு. யாரும் செய்யாத ஒரு சேர்ப்பு செஞ்சு காட்டணும்னு நாலு பாட்டை எடுத்து, ஒண்ணுக்குள்ள ஒண்ணா நுழைச்சு, பத்து நிமிஷம் தலையைத் தூக்காம வேலை செஞ்சேன். சத்தியமா சொல்றேன், அவ்வளவு சுத்தமான வேலை நான் என் வாழ்க்கையில செஞ்சதில்ல. நடுவுல தோள்பட்டைக்குக் கீழ ஒரு இடத்துல அரிச்சுக்கிட்டே இருந்துது. கை எட்டல. சட்டைத் துணி ஒத்துக்கலன்னு நினைச்சுக்கிட்டேன்.

தலையைத் தூக்கினா, கூடம் முழுக்க நீலம்.

எண்ணிடலாம், பச்சை பதினொண்ணு. அதுல ஒருத்தர் தண்ணி குடிச்சுட்டிருந்தாரு, இன்னொருத்தர் சுவத்துல சாஞ்சு தூங்கிட்டிருந்தாரு. அவசர அவசரமா பாட்டை மாத்தினேன். பச்சை எட்டாச்சு. திரும்ப மாத்தினேன். அஞ்சு. எந்தப் பாட்டு பிடிக்கல, எப்பப் பிடிக்காம போச்சு, ஒண்ணும் புரியல. கேக்கலாம்னா பக்கத்துல யாரும் இல்ல. அரிப்பு மட்டும் நிக்கல.

அந்தப் பக்கம் பாத்தா, என் நாத்தனார் என்னமோ பிறவி டிஜே மாதிரி மேஜையில இருக்குற குமிழையெல்லாம் திருகித் தள்ளுறா. அவளா? ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது வரதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாமே, அவளா? மேடையில கிடந்த ஒரு ஹெட்ஃபோனை எடுத்து மாட்டி, நீலத்துக்கு மாத்தினேன்.

ஐயோ, என்ன ஒரு சேர்ப்பு! பாட்டுக்குப் பாட்டு வழுக்கிக்கிட்டுப் போகுது. இவ எங்க போய்க் கத்துக்கிட்டா, யார்கிட்ட கத்துக்கிட்டான்னு வயிறு எரிஞ்சுது. அரை நிமிஷம் கேட்டேன். அடுத்து எந்தப் பாட்டு வரும்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுது. அதே பாட்டு வந்துது. அதுக்கடுத்ததும் அப்படியே.

என் கைவேலைங்க அது! ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கல்லூரி விழாவுல நான் வாசிச்சது. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒரு சின்ன கருவியில பதிவு பண்ணி வெச்சுக்குறது அவ பழக்கம். அந்தப் பதிவை அப்படியே ஓடவிட்டுட்டு, மேல மைக்குல "கை தட்டுங்க, கை தட்டுங்க"ன்னு கூவிக்கிட்டிருக்கா. திருகுற குமிழ் எதுக்கும் எதோடயும் சம்பந்தமே இல்ல. எங்க தொழில்ல இதைவிடக் கேவலமான திருட்டு கிடையாது. நான் தோத்துட்டிருந்தது என்கிட்டயேதான்.

என் மேஜையில மெஷினுக்குள்ளயே ஏத்தி வெச்சிருந்த ஒரு நீளமான பாட்டை ஓடவிட்டுட்டு, இதையும் திருடிடப் போறாங்கன்னு பாட்டெல்லாம் இருக்குற என் பென்டிரைவைப் பிடுங்கிக் கழுத்துல மாட்டிக்கிட்டு, விடுவிடுன்னு அந்தப் பக்கம் போனேன். அவ மைக்கைப் பிடுங்கி, நூறு பேருக்கு முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும். அதான் திட்டம்.

என்னைப் பாத்ததும் அவ மைக்கைத் தாழ்த்திக்கிட்டா. முகம் வெளிறிடுச்சு. "அண்ணி, தப்புதான். அப்புறம் திட்டுங்க. இப்ப அந்த ஓரத்துல பாருங்க."

"என்னத்தடி பாக்குறது?"

"அந்த நர்சம்மா. வந்ததுலேர்ந்து நாற்காலியை விட்டு எழுந்திரிக்கல. பச்சைக்குப் போனாங்க, நீலத்துக்கு வந்தாங்க, கைக்குட்டையில முகத்தைத் துடைச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தாங்க. இப்பதான் எழுந்திருச்சிருக்காங்க. அவங்க ஆடி முடிக்கட்டும் அண்ணி, அப்புறம் என்னை என்ன வேணா சொல்லுங்க."

பாத்தேன். அப்படி ஒரு அம்மா அங்க உக்காந்திருந்ததே எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல என் கண்ணுக்கு எதிர்ல இருந்திருக்காங்க. காலை மெதுவா எடுத்து வெச்சு, யாரும் பாக்குறாங்களான்னு பயந்து பயந்து அசைஞ்சாங்க.

அப்ப அந்தப் பாட்டு தொடங்குச்சு. நாங்க அதைத் தும்மல் பாட்டுன்னு சொல்லுவோம். நடுவுல பாடகர் தும்முற மாதிரியே ஒரு சத்தம் வரும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா அந்தப் பதிவு தும்மலோட நின்னுடும். அது உலகத்துல என் ஒருத்திக்குத்தான் தெரியும். அன்னிக்குத் தும்மல் முடிஞ்ச கையோட, என் போன்ல சார்ஜ் இல்லைன்னு, அவ கருவியோட வயரைப் பிடுங்கிட்டு என் போனைச் சொருகினது நான்தான். அவகிட்ட சொல்லல. இதையெல்லாமா சொல்லிட்டிருப்பாங்க?

அன்னிக்கு அந்தத் தும்மலுக்கு முன்னாடியே பாட்டை மாத்தப் போனவளும் நான்தான். அவதான் பின்னாடியிலேர்ந்து நறுக்குன்னு கிள்ளுனா. விட்டேன். கல்லூரியே அந்தத் தும்மலோட சேர்ந்து தும்முச்சு. இப்ப நீலத்துல ஆடுறாங்களே, அவங்க என் கைக்கு மட்டும் ஆடல. அந்தக் கிள்ளுக்கும் சேர்த்துத்தான் ஆடுறாங்க. இதை ஒத்துக்குறதுக்கு எனக்கு எவ்வளவு கசக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது.

நாப்பது விநாடி இருந்துது. நான் ஒண்ணுமே பண்ண வேண்டாம். கையைக் கட்டிக்கிட்டு நின்னா போதும். பதிவு அந்துடும், நீலம் ஊமையாகிடும், அவ நூறு பேருக்கு முன்னாடி குமிழைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. சனிக்கிழமை என் மடியில வந்து விழும். பலகை, பேரு, எல்லாம்.

அந்த அம்மா ரெண்டு கையையும் தூக்கினாங்க.

பாழாப்போன மனசு. "தள்ளுடி"ன்னேன். கழுத்துல கிடந்த பென்டிரைவை அவ மேஜையில சொருகி, குனிஞ்சு, ஹெட்ஃபோனை மாட்டி, தும்மலுக்கு அடுத்துப் போகவேண்டியதைத் தேடிப் பிடிச்சேன். தும்மல் வந்துது. பதிவு நின்னுது. அதே நொடியில என் பாட்டு உள்ள நுழைஞ்சுது. ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரிஞ்சிருக்காது.

"பதிவு முழுசா இருந்துதே, எப்படி அண்ணி நின்னுச்சு?"ன்னு காதுகிட்ட கிசுகிசுத்தா.

"மெஷின் பழசு"ன்னேன்.

அடுத்த அரை மணி நேரம் நான் தலையைத் தூக்கல. முதுகுல ஒரு தட்டு விழுந்துது, மாத்தினேன். ரெண்டு தட்டு, ஏத்தினேன். அரிச்ச இடத்துலயே அவ கை விழுந்தப்போ, சொல்ல வெக்கமா இருக்கு, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

நேரம் முடிஞ்சு நிமிர்ந்து பாத்தா கூடமே நீலம். ஒரே ஒரு பச்சை. என் வீட்டுக்காரர். என் மேஜையில பாட்டு முடிஞ்சு இருபது நிமிஷம் ஆச்சு, மனுஷன் வெறும் அமைதிக்கு இடுப்பை ஆட்டிக்கிட்டிருக்காரு. அப்புறம் கேட்டதுக்கு, "நீ ஏதோ புதுசா பண்றன்னு நினைச்சேன்"னாரு. 'தனி'ன்னதும் அவர் முகத்துல வந்த அந்த வெளிச்சத்தை அன்னிக்கே மன்னிச்சுட்டேன்.

மண்டபக்காரர் மேடைக்கு வந்தாரு. நாத்தனாரைப் பாத்துக் கும்பிட்டாரு. "அம்மா, என்ன கை உங்களுக்கு! அதுலயும் அந்தக் கடைசி அரை மணி நேரம்! சனிக்கிழமை உங்களுக்குத்தான்." அப்புறம் என் பக்கம் திரும்பி, பரிதாபமா பாத்தாரு. "நீங்களும் மோசமில்லம்மா. தோக்குறோம்னு தெரிஞ்சதும் கூச்சப்படாம அவங்க பக்கத்துல போய் நின்னு, வயரு கியரு சொருகிக் குடுத்து, வேலையைக் கத்துக்கிட்டீங்க பாருங்க, அந்த மனசு யாருக்கு வரும்?"

நாத்தனார் முகம் சிவந்துடுச்சு. மைக்கை வாய்கிட்ட கொண்டு போனா. "சார், அது அப்படியில்ல. உண்மையில இன்னிக்கு வாசிச்சது..."

கூட்டம் இன்னும் கை தட்டிக்கிட்டிருந்துது. அந்த நர்சம்மா முன்வரிசைக்கு வந்து, அவளைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நின்னாங்க. நான் அவ பின்னாடி போனேன். ஆறு வருஷத்துல முதல் தடவையா, அவ முதுகுல நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளினேன்.

அவ வாயை மூடிக்கிட்டா. நான் போய் வயரையெல்லாம் சுத்தி வைக்க ஆரம்பிச்சேன்.