முன்பல்லால் உரித்த ஒயர்

1.

இந்தக் கதை ஒரு பேனா மூடியில் தொடங்கியது. எழுத வராதபோதெல்லாம் மூடியைக் கடிப்பது என் நெடுநாள் வழக்கம். 2016-ல் ஒரு நாள் மூடி பிழைத்துக்கொண்டது, கடைவாய்ப் பல்லின் ஓரம்தான் பெயர்ந்து நாக்கில் விழுந்தது. நெய்வேலியில் டாக்டர் எழில்மதியின் கிளினிக் பெஞ்சில் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் வாயைக் கைக்குட்டையால் மூடியபடி, "உங்களுக்கு என்னா சார்?" என்றார்.

"பேனா மூடி."

"எனக்கு ஒயருங்க."

இருவரும் சிரித்தோம். இருவருக்கும் வலித்தது. அவரை வைத்து ஒரு கதை எழுதுவதென்று அங்கேயே முடிவு செய்தேன். மூடியைக் கடிக்காமல் எழுதுவதென்றும். (இந்த இரண்டாவது முடிவைப் பற்றிப் பிறகு.)

2.

முதல் தொடக்கம்: "சுரங்கத்தின் விளிம்பில் சூரியன் மெல்ல எழுந்து..." (அடித்துவிட்டேன். அவருக்கு அன்று செகண்ட் ஷிப்ட்.)

இரண்டாம் தொடக்கம்: "பற்கள் இயற்கை நமக்களித்த..." (பள்ளிக்கூடக் கட்டுரை. இதுவும் போகட்டும்.)

மூன்றாவது: கலைச்செல்வன் முத்தாண்டிக்குப்பத்துக்காரன். (பெஞ்சில் 'அவர்', கதைக்குள் 'அவன்'. எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?) பதினோரு வருடமாகச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். ஒயர் முனையின் ரப்பரை உரிக்க அவனிடம் இருந்த ஒரே கருவி இடது முன்பல். லேசாக ஒரு கடி, ஓர் இழுப்பு, 'தூ' என்று ஒரு துப்பு. முடிந்தது. உள்ளே செம்பில் கீறலே விழாது. ஒன்றரை ஸ்கொயர் தடிமனுள்ள ஒயர் கச்சிதமாக உட்காரும் அளவுக்கு அந்தப் பல்லில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. கூட வேலை செய்கிறவர்களும் தங்கள் ஒயரை அவனிடம்தான் நீட்டுவார்கள். அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. அப்படி நீட்டிய ஏதோ ஒரு ஒயரில்தான் பல் பாதியாக உடைந்தது.

உடைந்த நேரம் மோசம். பத்து நாளில் பர்மனன்ட் வேலைக்கான ட்ரேட் டெஸ்ட். நாற்பது நிமிடத்தில் ஒரு போர்டுக்கு முழு ஒயரிங்கையும் முடித்துக் காட்ட வேண்டும்.

டாக்டர் உடைந்த இடத்தில் பல் நிறப் பசையைப் பூசி ஒட்டிவிட்டார். "பல்லுங்கிறது டூல் பாக்ஸ் இல்லைங்க. இனிமே ஒரே ஒரு ஒயர் வெச்சீங்கன்னாலும் இது கையோட வந்துடும்."*

(* அதே பெஞ்சில் சோடா மூடியைக் கடித்துத் திறந்த ஒருவரும், சேஃப்டி பின்னை வைத்துப் பல் குத்தி ஈறு வீங்கிய ஒருவரும் இருந்தார்கள். கதைக்குள் விட்டால் நெரிசல். இந்த அடைப்புக்குறிக்குள்ளேயே உட்காரட்டும்.)

3.

கலைச்செல்வனின் மனைவி நந்தினியை முதலில் கண்ணைக் கசக்குகிறவளாக எழுதினேன். போனில் படித்துக் காட்டினால் அவன் சிரிக்கிறான். "அவளா? அழுவுறதா?" மாற்றிவிட்டேன்.

"ஒரே ஒரு நாளு பல்ல வெச்சி ஓட்டிக்கிறேன். பர்மனன்ட் ஆச்சின்னா கடைசி வரைக்கும் கவல இல்ல" என்று அவன் கெஞ்சினான்.

நந்தினி பிறந்த ஊர் காடாம்புலியூர். "எங்க ஊர்ல முந்திரிக்கொட்டய யாராச்சும் பல்லால ஒடைக்கிறாங்களா? கட்டயில வெச்சித்தான தட்டிக்கினு இருக்காங்க? ஊருக்கே இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லாம போச்சே!" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "வேல போனா வேற வேல பாத்துக்கலாங்க. பொண்ணு பாக்க வந்தப்ப சிரிச்சீங்களே, அதப் பாத்துத்தான் நான் சரின்னேன். அது போச்சின்னா எந்தக் கடையில போயி வாங்குறது?"

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து இப்படிச் சொன்னால் ஒரு மனிதன் என்ன செய்வான்? கலைச்செல்வனுக்கு வெட்கமாகவும் இருந்தது, கண் கலங்கவும் செய்தது.

பண்ருட்டியிலிருந்து ஒயர் உரிக்கும் ஸ்ட்ரிப்பரை நந்தினியே வாங்கி வந்தாள். அவன் வாயைத் துண்டால் கட்டிவிட்டு, எதிரே கடிகாரத்தோடு உட்கார்ந்தாள். அவன் கை தன்பாட்டுக்கு வாய்க்குப் போகும், துண்டில் முட்டித் திரும்பும். ஸ்ட்ரிப்பரை அழுத்தினால் ரப்பரோடு செம்பும் அறுந்தது. பல்லுக்குத் தெரிந்த அளவு கைக்குத் தெரியவில்லை. முதல் நாள் அறுபத்தைந்து நிமிடம். ஒன்பதாம் நாள் நாற்பத்து மூன்று.

மூன்று நிமிடம் இடித்தது.

4.

டெஸ்ட் நாளன்று கலைச்செல்வன் உள்ளே நுழைந்ததும்

(இதற்கு மேல் ஓடவில்லை. கடிப்பானா, மாட்டானா? யோசித்தேன், யோசித்தேன். என் வாயில் 'டக்' என்றது. டாக்டர் அன்று என் பல்லில் அடைத்துவிட்ட துண்டு. மூடி எப்போது உள்ளே போனதென்று சத்தியமாகத் தெரியாது.)

மறுபடியும் கிளினிக். பெஞ்சில் கலைச்செல்வன்! டெஸ்ட் முடிந்து, பல்லைக் காட்ட நேராக வந்திருந்தான். வாயில் கைக்குட்டை.

"ரெண்டு நிமிசம் பாக்கி சார். அஞ்சு ஒயர் உரிக்கணும். ஸ்ட்ரிப்பர்னா ஒண்ணுக்கு அர நிமிசம். பல்லுன்னா ஒரே கடி. கை தானா மேல வந்துடுச்சி. ரப்பர் வாசன மூக்குல ஏறுது..."

"அப்புறம்?"

"பாஸ் சார்!"

நான் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். சொந்தத் தம்பிக்கு வேலை கிடைத்த மாதிரி இருந்தது. "எப்படிப்பா? பல்லாலயா, கையாலயா?"

கைக்குட்டைக்குப் பின்னால் சிரித்தான். "மொதல்ல அவகிட்டதான் சார் சொல்லணும்." ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸிலிருந்து நந்தினி இறங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடிவிட்டான்.

5.

அவன் வாசலைத் தாண்டுவதற்குள் மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. கடித்தான். பல் போனது, வேலை கிடைத்தது.

ஆ. ஒன்பது நாள் பழக்கம் கடைசி நிமிடத்தில் கைக்கு வந்தது.

இ. டெஸ்ட் எடுத்த அதிகாரிக்கும் முன்பல்லில் அதே பள்ளம் இருந்ததால் அவர் இரக்கப்பட்டு... (சே. எனக்கே நம்பிக்கையில்லை.)

6.

வெளியே கலைச்செல்வன் ஏதோ சொன்னான். நந்தினி வேலையைப் பற்றிக் கேட்டதாகவே தெரியவில்லை. கைக்குட்டையைப் பிடுங்கினாள். அவன் மோவாயைப் பிடித்து, முகத்தை உச்சி வெயிலுக்குத் தூக்கினாள்.

"ஆ காட்டுங்க!"

அவன் முதுகு என் பக்கம். வாயைத் திறந்தது மட்டும் தெரிந்தது. எட்டிப் பார்க்க எழுந்தேன். "பேனா மூடி சார், உள்ள வாங்க!" என்று நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள்.

ஜன்னலோரம் என் இடம் காலியாகத்தான் இருக்கிறது. வந்து நில்லுங்கள். நந்தினியின் முகம் இந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, வெயிலும் அதன் மேல்தான் விழுகிறது. அங்கே என்ன தெரிகிறதோ அதுதான் முடிவு. அதற்கு முன்னால், நீங்கள் கடித்துக்கொண்டிருக்கும் அந்த நகத்தைக் கொஞ்சம் வாயிலிருந்து வெளியே எடுங்கள்.