இடப்பக்கப் பின்கதவு

"அடியில புடிங்க. கதவுல கை படாம," என்றாள் அவள்.

அவளுடைய கணவன் அப்பாவின் அறையிலிருந்து அவர் செய்த சின்னக் காரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த அறையின் மேசையை வெளியே போட்டால் இன்னும் ஆறு நாற்காலிக்கு இடம் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டடி நீளக் காரை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி, கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்த மாமனாரின் கால்மாட்டைச் சுற்றி, அவன் அடிமேல் அடி வைத்து நடந்தான்.

"எங்க வைக்கட்டும்?"

"சன்னலோரம், அந்தக் குட்டை அலமாரி மேல."

"உள்ள வச்சுப் பூட்டிடலாமே. ஆளாளுக்குத் தொடுவாங்க."

"பூட்டாதீங்க மாப்பிள்ளை," என்றாள் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள், விடிந்ததிலிருந்து தலைமாட்டை விட்டு நகரவில்லை. "வர்றவங்க பாக்கட்டும். என் தம்பி ஒன்றரை வருஷமா அதோட மல்லுக்கட்டினான். கடைசியில பொண்ணுதான் முடிச்சு அவன் கையில குடுத்தா. எத்தனை பேருக்குக் கிடைக்கும் அது? இப்படித் திருப்பி வைங்க. அவ சரி பண்ண பக்கம் தெரியட்டும்."

கணவன் திருப்பி வைத்தான். காரின் இடப்பக்கம் கூடத்தைப் பார்த்தது. சன்னல் வெளிச்சம் பின்கதவின் மேல் தடையில்லாமல் வழுக்கி ஓடியது. அவள் எழுந்து, ஏற்கெனவே நிறைந்திருந்த தண்ணீர்க் குடத்தை நிரப்புவதற்காகச் சமையலறைக்குள் போனாள்.

அப்பா டிங்கர். மோதி நசுங்கி வரும் வண்டிகளின் தகட்டைத் தட்டி நிமிர்த்துவது அவருடைய வேலை. நாற்பது வருடம் செய்தார். ஓய்வெடுத்த பிறகு ஒருநாள் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. உள்ளே ஆயிரத்துச் சொச்சம் துண்டுகள், எண் போட்ட பொட்டலங்களில். எல்லாவற்றையும் பொருத்தினால் நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு கார் வரும். கதவு திறக்கும், விளக்கு எரியும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும்.

"அறுபத்தெட்டு வயசுல பொம்மை கார் ஓட்டப்போறியாடா?" என்று அத்தை கேட்டாள்.

"லைசென்ஸ் இருக்கில்ல," என்றார் அப்பா.

பெட்டியின் மேல் இருந்த படத்தில் கார் சிவப்பாகப் பளபளத்தது. அப்பா முதல் வாரமே அந்தச் சிவப்பை முழுக்கச் சுரண்டிவிட்டார். சாம்பல் கலந்த நீலம் அடித்தார். சைக்கிள் கம்பியை வளைத்துக் கூரையில் சாமான் கூண்டு செய்தார். பழைய திரைச்சீலையை வெட்டி இருக்கைக்கு உறை தைத்தார். ரேடியோவின் இரண்டு குமிழ்களில் ஒன்றைப் பிடுங்கி எறிந்தார். அது அவர்கள் வீட்டுப் பழைய கார் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அந்தக் காரை அவளுக்கு நினைவில்லை. அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் போனாள். மறுவருடம் காரும் போயிற்று. அம்மாவும் காரும் சேர்ந்து இருப்பது ஒரே ஒரு புகைப்படத்தில். அது கூடத்துச் சுவரில், இப்போது கார் இருக்கும் அலமாரிக்கு மேலேயே மாட்டியிருக்கிறது. அம்மா காரின் மேல் சாய்ந்து, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்குகிற முகத்தோடு நிற்கிறாள். அம்மா கூச்சக்காரி போல என்று அவள் நினைத்திருந்தாள்.

போன மாதம் அப்பாவுக்கு மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்த்தார்கள். கார் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. ஒரு மாலை அவருடைய மேசையை ஒழுங்குபடுத்தப் போனவள் அதைப் பார்த்தாள். இடப்பக்கப் பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, கட்டைவிரல் அளவுக்கு ஒரு நெளிசல். அதன் ஓரத்தில் சாயம் விரிசல் விட்டிருந்தது. பெட்டியோடு வந்த கதவும் அல்ல அது. தகட்டை வெட்டி அப்பாவே செய்தது. மேசைக்கு அடியில் ஒரு தகர டப்பா. அதற்குள் அதே மாதிரி நான்கு கதவுகள், நான்கும் நெளிந்தவை.

டப்பாவை மடியில் வைத்து ஒவ்வொரு கதவாக எடுத்துப் பார்த்தாள். லாரியின் முகப்பையே நிமிர்த்திய கை. உள்ளங்கை அகலக் கதவை நேராகச் செய்ய முடியாமல் ஐந்து முறை தோற்றிருக்கிறது. மருத்துவமனையில் காப்பி டம்ளர் அந்தக் கையில் ஆடுவதைப் பார்த்திருந்தாள். யாருக்கும் தெரியக்கூடாதென்றுதானே டப்பாவை ஒளித்துவைத்திருக்கிறார் என்று தோன்றியது. நான்கு கதவுகளையும் டப்பாவோடு பழைய இரும்புக்காரரிடம் போட்டாள்.

ஐந்தாவதை அவளே சரி செய்தாள். அவளுக்கு அது பெரிய வேலை இல்லை. பல் செய்யும் லேபில் பதினெட்டு வருடமாக இருக்கிறாள். முடி கனத்துக்கு ஏற்றவும் இறக்கவும் தெரியும். பூச்சை வைத்து நெளிசலை நிரப்பினாள், காயவிட்டாள், தேய்த்தாள், அப்பா புட்டியில் மிச்சம் வைத்திருந்த நீலத்தையே மூன்று தடவை அடித்தாள். எங்கே நெளிந்திருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. காரைத் துண்டில் சுற்றி மருத்துவமனைக்கு எடுத்துப்போனாள்.

"இங்க பார்க்கிங் கிடையாதே," என்று நர்ஸ் சிரித்தாள். கட்டில் மேசையைத் தள்ளி இடம் செய்து கொடுத்ததும் அவள்தான்.

அப்பா கண்களை மூடிக்கொண்டார். டிங்கர்கள் அப்படித்தான், தகட்டைக் கண்ணால் பார்த்து நம்பமாட்டார்கள். உள்ளங்கை கூரையில் போயிற்று, முன்மூடியில் போயிற்று, பக்கவாட்டில் இறங்கியது. பின்கதவில் நின்றது. கொஞ்சம் பின்னால் வந்து மறுபடி போயிற்று. மறுபடியும்.

"சுத்தமா இருக்கு," என்றார். கண்ணைத் திறக்கவில்லை. "யாரு பண்ணா?"

"நான்தான்பா. நெளிஞ்சு கிடந்துச்சு. உங்களுக்குக் கை நடுங்குதில்ல... அதான்."

நர்ஸ் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அப்பா கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தார். யாருடைய கையையோ பார்ப்பதுபோல இருந்தது.

"ஆமா," என்றார். "நடுங்குது."

பிறகு, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடும்மா. இங்க இருந்தா விழுந்துடும்," என்றார்.

நாற்பது வருடம் கையை வைத்துப் பிழைத்த மனிதரிடம், ஒரு மூன்றாம் ஆளின் முன்னால், அப்படிச் சொல்லியிருக்கவேண்டாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் காது சுட்டது. நாளைக்குப் போய் வேறு மாதிரி ஏதாவது பேசிச் சமாளிக்கலாம் என்று நினைத்தாள். மறுநாள் அவருக்கு ஆக்சிஜன் முகமூடி வைத்துவிட்டார்கள், பேச்சு இல்லை. அதற்கு மறுநாள் காலை, அதாவது இன்று, அவர் இல்லை.

குடத்தோடு கூடத்துக்கு அவள் திரும்பியபோது பட்டறை மாமா வந்திருந்தார். அப்பாவோடு ஒரே பட்டறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். இரண்டு கண்ணிலும் புரை. நிலைக்கட்டையைத் தொட்டு, சுவரைத் தொட்டு, நாற்காலி முதுகுகளைத் தொட்டு நடந்து, அப்பாவின் பக்கத்தில் போய் நின்றார். துணிக்கு அடியிலிருந்து அப்பாவின் வலது கையை எடுத்து, உள்ளங்கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"என்னடா, சொல்லாம கடையச் சாத்திட்ட?" என்றார்.

அத்தை விசும்பினாள். குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவள் மாமாவை அழைத்துப்போய்ச் சன்னலோர நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமா பாதித் தண்ணீரைக் குடித்து, டம்ளரை அவளிடம் நீட்டிக்கொண்டே கேட்டார்:

"பாப்பா, டொக்கு வந்துச்சா?"

"என்ன மாமா?"

"பின்கதவு டொக்கு, அந்த நெளிசல். வாரத்துக்கு மூணு தடவ போன் பண்ணி உயிர எடுத்தானே. 'கைப்பிடிக்கு எவ்வளவு கீழடா? ஓரம் கூர்மையா இருந்துச்சா, மழுங்கலா இருந்துச்சா?' எனக்கு என்ன நினைவு? நான் ஒண்ணு சொல்ல, அவன் ஒண்ணு தட்ட, நாலு கதவு வீணாப் போச்சு. அஞ்சாவதுதான் அச்சு அசலா விழுந்துருச்சுன்னான். அன்னைக்கு அவன் பேசினதப் பாக்கணும் நீ. லாட்டரி விழுந்தவன்கூட அப்படிப் பேசமாட்டான்."

கையிலிருந்த டம்ளரை அவள் தரையில் வைத்தாள்.

"நெசமாவே உனக்குத் தெரியாதா?" மாமா அவள் பக்கம் திரும்பினார், பார்வை அவள் தோளுக்கு மேல் எங்கோ போயிற்று. "உங்கம்மாவுக்கு வண்டி ஓட்டணும்னு ஆசை. இவன்தான் கத்துக் குடுத்தான். மொத நாளு ரிவர்ஸ் எடுத்தா பாரு, நேரா எங்க பட்டறைத் தூண்லயே கொண்டாந்து சாத்தினா. பத்துப் பேரு பாத்துக்கிட்டு நிக்கிறோம். இறங்கிப் பாத்துட்டு அழுதா. இவன், 'அரை மணி வேலை, தட்டிடறேன்'னான்."

"தட்டலையா?"

"எங்க தட்டினான்? வண்டி விட வர்ற கிராக்கி எல்லாம் கேலி பண்ணுவான், 'உன் வண்டிய மொதல்ல பாருடா'ன்னு. 'கையில வேலை இருக்கு, முடிச்சிட்டுத் தட்டறேன்'பான். ஆறு வருஷம் அந்த வேலை முடியவே இல்ல. உங்கம்மாவுக்குத்தான் மானம் போகும். யாராவது வந்தா ஓடிப்போயி அந்தக் கதவு முன்னாடி நின்னுக்குவா. ஃபோட்டோ இருக்குமே? அது எடுக்கறப்ப நானும்தான் இருந்தேன். இவன் 'நகரு, நகரு'ங்கறான். அவளா நகருவா? கையப் பின்னால வச்சு மறைச்சுக்கிட்டு நின்னா."

அவள் அண்ணாந்து சுவரைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

"அப்பாவுக்குக் கை..." என்று தொடங்கினாள். டம்ளரைச் சுவரோரம் தள்ளிவைத்தாள். மறுபடி, "அப்பாவுக்குக் கை நடுங்கிச்சு மாமா. அதனாலதான்னு..." என்றாள்.

"யாருக்கு? அவனுக்கா?" மாமாவுக்குக் கிட்டத்தட்டக் கோபம் வந்தது. "ஆஸ்பத்திரி மாத்திரையில நடுங்கியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத வாரம்கூட எனக்கு ஊசியில நூல் கோத்துக் குடுத்துட்டுப் போனான். நடுங்குற கையில அந்த டொக்கு விழுமா? நிமிர்த்தறதவிட நெளிக்கறதுதான் பாப்பா கஷ்டம்."

அது அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்கிறாள். கட்டுப்பல்லை அப்படியே வெள்ளையாகவும் நேராகவும் செய்தால் எவர் வாயிலும் பொருந்தாது. அதனால் ஓரத்தில் லேசாகக் காப்பிக் கறை தீட்டுவாள். ஒரு பல்லைக் கொஞ்சம் திருப்பி வைப்பாள். சிலருக்கு இடைவெளிகூட விடுவாள். புதிதாக வரும் பெண்கள், "ஏங்க்கா நல்ல பல்ல கெடுக்கறீங்க?" என்று கேட்டால், "அவங்க பல்லு அவங்க பல்லா இருக்கணும்ல," என்பாள். அப்பாவிடம் மட்டும் அது ஏன் தோன்றவில்லை? அப்பாவின் மேசையில் தவறு மட்டும்தான் இருக்கும் என்று ஏன் முடிவுகட்டினாள்? டப்பாவைக்கூட ஒரு வார்த்தை கேட்காமல் போட்டாளே.

"உன்கிட்ட காட்டணும்னு இருந்தான்," என்றார் மாமா. "'பாப்பாகிட்ட அவ அம்மா செஞ்சது ஒண்ணுகூட இல்லடா, ஒரு துணி தச்சது, ஒரு கூடை பின்னினது, எதுவும் இல்ல, இது ஒண்ணு இருக்கட்டும்'னு சொல்லிட்டு அவனே சிரிச்சான். டொக்க சீதனமா குடுக்கப்போற மொத ஆளு நீதான்டான்னேன்."

வாசலில் புதிதாக இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றினார்கள். அவளுடைய லேபில் வேலை செய்கிறவர்கள். அத்தை அவர்களிடம் ஆரம்பித்தாள். "ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டினான். கடைசியில கோணலா நின்னுபோச்சு. இவதான் சரி பண்ணி, ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டுப்போயி அவன் கையில குடுத்தா. தடவித் தடவிப் பாத்தானாம். அந்தத் திருப்தியிலதான் போனான்."

பெண்களில் ஒருத்தி அவளைப் பார்த்துக் கண் கலங்கத் தலையசைத்தாள். அவளும் தலையசைத்தாள். இல்லை என்று சொல்ல வாய் திறந்திருக்கலாம். மாமா பக்கத்திலேயே இருந்தார். ஆனால் அத்தை சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை போலிருந்தது. அவர் நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழுந்துகொண்டிருந்தார்.

"எங்க வச்சிருக்கீங்க வண்டிய?"

"மாமா, உக்காருங்க. அப்புறம் பாக்கலாம்."

"அவனக் கொண்டுபோற வண்டி நாலு மணிக்கு வந்துடும்ங்கறாங்க. அவன் இருக்கறப்பவே பாத்துடறேன். கண்ணுதான் போச்சு, கை இருக்கு." சன்னல் வெளிச்சத்தில் நீலமாக ஏதோ அவருக்கு மங்கலாகத் தெரிந்திருக்கவேண்டும். வலது கையை நீட்டியபடி அலமாரியை நோக்கி ஓரடி வைத்தார். விரல்களை விரிக்காமல் உள்ளங்கையைத் தட்டையாக, தகட்டைப் பார்க்கப் போகிறவர் வைக்கிற மாதிரி வைத்திருந்தார்.

அவள் எழுந்தாள். அவருக்கு முன்னால் போய் அலமாரியில் சாய்ந்து நின்றாள். அதன் விளிம்பு முதுகில் அழுந்தியது.

மாமாவின் கை அவளுடைய முழங்கையில் பட்டு நின்றது.

"நகரும்மா," என்றார்.

தலைமாட்டில் அத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். அலமாரியில் சாய்ந்திருந்தவளின் வலது கை பின்னால் போய்க் காரின் பின்கதவைத் தேடிப் பொத்திக்கொண்டது. உள்ளங்கை மேலும் கீழும் மெல்ல நகர்ந்தது. எதுவும் தட்டுப்படவில்லை.