அனுப்பாத திருத்தம்

பன்னிரண்டு வருஷமாக ருவைதா எழுதிய கடிதங்களில் ஒரு தேதிகூடத் தப்பியதில்லை. அம்மான் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தின் மேற்படிப்பு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஒவ்வொரு வியாழனும் காலை பத்து மணிக்கு ஆயிரத்து நானூறு மாணவர்களுக்கு அவள் எழுதிய மின்னஞ்சல் போய்ச் சேரும். எந்தப் படிவத்துக்கு எது கடைசி நாள், ஆங்கிலத் தேர்வுக்கு எங்கே பெயர் கொடுப்பது, நூலகத்தில் எந்த மாடியில் தண்ணீர்க் குழாய் பழுது என்பது வரை அதில் இருக்கும். டீன் போடுகிற உத்தரவுகளை அப்படியே படித்தால் யாருக்கும் தலையும் புரியாது, வாலும் புரியாது. அதை எடுத்து, கிழமை, தேதி, மணி என்று தெளிவாக எழுதித் தருவதுதான் அவளுடைய கெட்டிக்காரத்தனம். மூத்த மகன் பெயர் லைத் என்பதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் உம்மு லைத், லைத்தின் அம்மா. "உம்மு லைத் எழுதிட்டா அது கல்லுல வெட்டின மாதிரி" என்று மாணவர்கள் பேசிக்கொள்வது அவள் காதுக்கும் வந்திருக்கிறது.

மேல்மாடியில் சட்டத் துறைக்கும் இதேபோல ஒரு கடிதம் உண்டு. அதை எழுதுகிறவர் அனுப்பிய அரைமணி நேரத்தில் 'திருத்தம்' என்று இன்னொன்றை அனுப்புவார். "அவருக்கு எப்பவும் இரட்டைப் பிரசவந்தான்" என்று ருவைதா ஒருமுறை தேநீர் வேளையில் சொல்லிவிட்டாள். அலுவலகமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்கு இனிப்பாக இருந்தது. பிறகு அதையே நாலைந்து தரம் சொன்னாள்.

அந்த வருஷம் நோன்பின் இரண்டாம் வாரத்தில் டீனிடமிருந்து ஒரு உத்தரவு வந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கடைசி நாள், பெருநாள் விடுமுறைக்குப் பிந்தைய இரண்டாம் வேலை நாள், பிற்பகல் மூன்று மணி. கால நீட்டிப்பெல்லாம் தீர்ந்துபோன இருபத்து நாலு பேருக்கு அதுதான் கடைசி வாசல். அதைத் தாண்டினால் பதிவு ரத்து. ஆறு வருஷ உழைப்பும் அதோடு போகும்.

ருவைதா மேசைமேல் இருந்த வங்கி நாட்காட்டியை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டாள். நோன்பு முப்பது என்று அதில் அச்சடித்திருந்தது. அப்படியானால் பெருநாள் திங்கள். மூன்று நாள் விடுமுறை, திங்கள், செவ்வாய், புதன். வியாழன் முதல் வேலை நாள். வெள்ளி, சனி வார விடுமுறை. ஆக இரண்டாம் வேலை நாள் ஞாயிறு. 'ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி' என்று தடித்த எழுத்தில் போட்டாள்.

பக்கத்து மேசை நவாஃப், கணினி வேலை பார்க்கிறவன், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"உம்மு லைத், பிறை உங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடுச்சா?"

"நாட்காட்டியில போட்டிருக்கு."

"வங்கிக்காரன் வட்டியைக் கணக்குப் பண்ணுவான். பிறையுமா பண்ணுவான்? 'பிறையைப் பொறுத்து'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துருங்க."

"சேர்த்தா ஆயிரத்து நானூறு பேரும் போன் பண்ணி எந்த நாள், எந்த நாள்னு என் உயிரை எடுப்பாங்க. பேசாம உன் வேலையைப் பாரு."

கடிதம் போனது.

இருபத்தொன்பதாம் நோன்பு சனிக்கிழமை. ருவைதா ஸல்த் ஊரில் தம்பி வீட்டில் இருந்தாள். பேரீச்சம்பழம் பொதிந்த மஅமூல் பலகாரத்தை அச்சில் அடித்துத் தட்டிக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். பிறை தெரிந்துவிட்டது, நாளை ஞாயிறு பெருநாள். பிள்ளைகள் கூச்சலிட்டார்கள், தம்பி மனைவி அடுப்பை வேகப்படுத்தினாள், ருவைதாவும் மாவுக் கையோடு சிரித்தாள். பிறை வந்தால் கூடவே தேதியும் நகரும் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

புதன் காலை அலுவலகம் போகிற பேருந்தில்தான் தோன்றியது. இன்றைக்கு முதல் வேலை நாள். அப்படியானால் நாளை வியாழன் இரண்டாம் நாள். கடைசி நாள் நாளைதான். ஞாயிறு இல்லை.

அலுவலகத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லி, தட்டு தட்டாக இனிப்பை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ருவைதா நேராக நவாஃபிடம் போனாள்.

"நம்ம இணையப் பக்கத்துல அந்த ஞாயிறை வியாழன்னு மாத்திடு."

அவன் வாயில் இருந்த மஅமூலை மென்று விழுங்கினான். "மாத்திடலாம். கடிதம்?"

"பெருநாள் வாரத்துல நாம கடிதம் அனுப்பறதில்லையே."

"திருத்தம்னு ஒரு வரி போதும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் மேல்மாடிக்காரர் முகந்தான் அவள் கண்முன் வந்தது. தேநீர் வேளையில் அவர் எழுந்து நின்று, "வாழ்த்துகள் உம்மு லைத், உங்களுக்கும் இரட்டையா?" என்று கேட்பார். கேட்காமல் விடமாட்டார்.

"எல்லாரும் பக்கத்தைத்தான் பாக்கறாங்க," என்றாள். "உத்தரவுலயும் இரண்டாம் வேலை நாள்னு தெளிவாத்தான் இருக்கு."

நவாஃப் விசைப்பலகை பக்கம் திரும்பினான்.

வியாழன் பிற்பகல் இரண்டரை மணிக்கு ஆய்வேடு கொடுத்தவர்கள் பட்டியலைப் பார்த்தாள். இருபத்து நாலில் இருபத்து மூன்று பேர் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இப்திஹால், நிலத்தடி நீர் ஆய்வு, ஊர் ஷோபக். பெயருக்கு நேரே தொலைபேசி எண் இருந்தது. ருவைதா ரிசீவரை எடுத்தாள். என்ன சொல்வது? நான் தப்பாக எழுதிவிட்டேன் என்றா? ஷோபக்கிலிருந்து அம்மானுக்கு மூன்று மணி நேரம். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒருவேளை அவள் எழுதி முடித்திருக்கவே மாட்டாள், எத்தனை பேர் அப்படி விட்டுவிடுகிறார்கள். ரிசீவரைத் திரும்ப வைத்தாள். மூன்று மணிக்குக் கணினி தானாகவே கதவைச் சாத்திக்கொண்டது. கூப்பிட்டிருந்தால் அன்று மாலை வரை திறந்து வைக்கச் சொல்லி டீனிடம் கேட்டிருக்கலாம் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு இப்திஹால் வந்தாள். முப்பத்து நாலு வயது, பெண்கள் பள்ளியில் ஆசிரியை. கருநீல அட்டை போட்டுக் கட்டிய ஐந்து பிரதிகளை மார்போடு அணைத்து, அதன்மேல் ஒரு தகர டப்பாவையும் தாடையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"உம்மு லைத், முதல்ல டப்பாவை வாங்குங்க, கீழ போட்டுருவேன். எங்க அம்மா செஞ்சது. 'அந்தக் கடிதக்காரம்மாவுக்குக் கொடு'ன்னு தனியா எடுத்து வச்சாங்க."

ருவைதா டப்பாவை வாங்கிக்கொண்டாள். கை தானாகவே நீண்டது.

"மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கில்ல? பேருந்து தஃபீலாவைத் தாண்டினதும் நின்னுபோச்சு. உயிரே போயிடுச்சு எனக்கு."

"இப்திஹால்..." என்றாள் ருவைதா. "கடைசி நாள் வியாழன் மகளே."

இப்திஹால் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. பிறகு கைப்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். கடிதத்தை அச்செடுத்திருந்தாள். மேல் ஓரத்தில் ஒட்டுநாடா பிய்ந்து தொங்கியது. 'ஞாயிறு' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே யாரோ ஒரு குழந்தை ஆப்பிள் மரம் வரைந்திருந்தது.

"குளிர்பதனப் பெட்டியில ஒட்டி வச்சிருந்தேன்," என்றாள். "பாருங்க, ஞாயிறுதானே?"

சத்தம் கேட்டு டீன் டாக்டர் கஸ்ஸான் அறையிலிருந்து வெளியே வந்தார். அவசரக்காரர், கோபக்காரர் இல்லை. என்ன விஷயம் என்று கேட்டார். இப்திஹால் தாளை நீட்டுவதற்குள் ருவைதா பேசிவிட்டாள்.

"இணையப் பக்கத்துல சரியான தேதிதான் இருந்தது டாக்டர். வியாழன்னுதான்."

அது பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நவாஃப் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அவன் விசைப்பலகையின் சத்தம் நின்றுவிட்டது.

டாக்டர் கஸ்ஸான் இப்திஹாலிடம் திரும்பினார். "கடிதம் ஒரு உதவிதான் இப்திஹால். பிறை மாறினா நாளும் மாறும்னு உங்களுக்குத் தெரியாதா? முனைவர் பட்டத்துக்கு வந்தவங்க ஒரு தடவை பக்கத்தைத் திறந்து பார்க்கக் கூடாதா?"

இப்திஹாலின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. "எங்க ஊர்ல பெருநாளுக்குப் பனி கொட்டிருச்சு, டாக்டர். இணையம் இல்லை. ஆனா அது சாக்கு இல்லை. என் தப்புதான். மன்னிச்சுக்கோங்க." பிறகு ருவைதாவிடம் திரும்பினாள். "நீங்களும் மன்னிச்சுக்கோங்க, காலங்காத்தால வந்து உங்களுக்குச் சங்கடம்."

"பரவால்ல கண்ணு," என்று சொல்லிவிட்டாள் ருவைதா.

செவ்வாய்க்கிழமை குழு கூடுகிறது, மனு எழுதிக் கொடுங்கள், ஆனால் மாணவர் கவனக்குறைவு என்றால் குழு ஏற்பதில்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார். இப்திஹால் நின்றபடியே மனு எழுதினாள். ஐந்து பிரதிகளையும் திரும்ப அணைத்துக்கொண்டு போனாள். அந்தத் தாளை மேசைமேலேயே மறந்து விட்டுவிட்டாள்.

நவாஃப் எழுந்து வந்து டப்பாவைப் பார்த்தான். வழக்கமாக அவன்தான் முதலில் திறப்பான்.

"எடுத்துக்கோ," என்றாள் ருவைதா.

"வேணாம் உம்மு லைத். அது கடிதக்காரம்மாவுக்கு வந்தது."

அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள், துணி மடித்தாள். 'பரவால்ல கண்ணு' என்று சொன்ன தன் குரல் மட்டும் காதை விட்டுப் போகவில்லை. தப்புச் செய்தவளே தாராளமாக மன்னித்துவிட்ட குரல் அது. லைத் வந்து ஏதோ கேட்டான். அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாமல் குழாயைத் திறந்துவிட்டாள்.

திங்கள் காலை எட்டு மணிக்கு அலுவலகம் வந்து உட்கார்ந்தாள். 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று தொடங்கினாள், அழித்தாள். 'பிறை தெரிந்ததில் ஏற்பட்ட மாற்றத்தால்' என்று எழுதினாள். பிறை என்ன பாவம் செய்தது என்று அதையும் அழித்தாள். கடைசியில் பன்னிரண்டு வருஷமாக எழுதி வந்த முறையிலேயே, கிழமை, தேதி, மணியோடு எழுதினாள்.

'திருத்தம். நோன்பின் இரண்டாம் வாரக் கடிதத்தில் ஆய்வேட்டுக்குக் கடைசி நாள் ஞாயிறு என்று எழுதியது தவறு. பிறை தெரியுமுன்பே நானாகக் கணக்கிட்டது. புதன் காலை எட்டு மணிக்கு என் தவறு எனக்குத் தெரிந்தது. இணையப் பக்கத்தை மாற்றச் சொன்னேன். உங்களுக்குத் தெரிவிக்கவில்லை. வியாழன் இரண்டரை மணிக்கு ஒருவர் பாக்கி என்று பார்த்தேன். அவரைக் கூப்பிடவில்லை. ஞாயிறு காலை அவர் வந்தபோது டீன் முன்னால் இதைச் சொல்லவில்லை. கவனக்குறைவு அவருடையது அல்ல, என்னுடையது. ருவைதா.'

டீனுக்கும் குழுவுக்கும் பிரதி போட்டாள். அனுப்பும் பொத்தானின்மேல் விரலை வைத்தபோது ஆயிரத்து நானூறு முகங்கள் தெரியவில்லை. மேல்மாடிக்காரர் முகம்கூடத் தெரியவில்லை. தாடையால் டப்பாவை அழுத்திப் பிடித்திருந்த அந்த ஒரு முகந்தான் தெரிந்தது.

பத்து நிமிஷத்தில் டாக்டர் கஸ்ஸான் கூப்பிட்டார். அவர் மேசைமேல் கடிதம் அச்செடுத்துக் கிடந்தது.

"நேத்தைக்கு அந்தப் பொண்ணை நான் கண்டிச்சேன். நீங்க கேட்டுக்கிட்டு நின்னீங்க."

"ஆமா டாக்டர்."

"எனக்கு மட்டும் சொல்லியிருந்தா நான் குழுவுல பேசி முடிச்சிருப்பேன். ஊருக்கே ஏன் அனுப்பினீங்க?"

"தப்பான தேதியை ஊருக்கேதான் அனுப்பினேன்."

அவர் கடிதத்தை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, "இந்த வாரத்துலருந்து கடிதத்தை நவாஃப் எழுதட்டும்," என்றார்.

மேல்மாடிக்காரர் தேநீர் வேளையில் இறங்கி வந்தார். ருவைதா எதற்கும் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சர்க்கரைக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டுப் போனார். கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

செவ்வாய்க் குழு மனுவை ஏற்றது. புதன்கிழமை இப்திஹால் மறுபடி வந்தாள், அதே ஐந்து பிரதிகளோடு, டப்பா இல்லாமல். ருவைதா ஒவ்வொன்றாக வாங்கிப் பக்கம் எண்ணி முத்திரை குத்தினாள். ரசீது எழுதத் தொடங்கியபோது இப்திஹால் பேசினாள்.

"உங்க கடிதத்தைப் படிச்சேன், உம்மு லைத். எங்க பள்ளிக்கூடத்துல ரெண்டு பேர் இங்கதான் முதுகலை படிக்கிறாங்க. அவங்களும் காட்டினாங்க."

"ம்."

"ஒண்ணு கேக்கலாமா? அன்னைக்கு நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேனே. அப்ப உங்க மனசுல என்ன ஓடுச்சு?"

ருவைதா பேனாவை வைத்தாள். சொல்லக்கூடிய நல்ல பதில்கள் இரண்டு மூன்று இருந்தன. அவற்றில் ஒன்றும் உண்மை இல்லை.

"நீ சீக்கிரம் வெளிய போயிடணும்னு."

இப்திஹால் தலையசைத்தாள். கோபமாகவும் இல்லை, சமாதானமாகவும் இல்லை. ரசீதுக்காகக் கையை நீட்டினாள். ருவைதா தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தாள். இப்திஹால் அதைப் படித்தாள். பிறகு தன் கைப்பேசியை எடுத்து, திரையில் இருந்த தேதியையும் ரசீதில் இருந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.