பொப்ளர் வேலி

சதீஸ் பிரான்சிலிருந்து வந்தபோது ஈரத் துவாயில் சுற்றிப் பதினொரு தடிகள் கொண்டுவந்தான். பொப்ளர். அங்கே தெருவோரங்களில் அழகுக்கு வளர்க்கும் நெட்டை மரம். ஸ்கந்தபுரத்துக் காணி அக்கா விமலேஸ்வரியின் பெயரில் இருந்தது. அதில் தான் ஒரு வீடு கட்டப்போவதாகச் சொன்னான். கேட்கவில்லை, சொன்னான்.

கிழக்கு எல்லையில் ஆறு தென்னைகள். சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பிய வருடம் அவள் வைத்தவை. அவளுடைய சீவியம் அந்தக் காய்களில்தான். அவற்றுக்கு அப்பால் இருந்த வேலி கறையான் தின்று விழுந்திருந்தது. சதீஸ் தென்னைகளுக்கு இப்பால் கயிறு பிடித்து, ஒரே நேராகத் தடிகளை ஊன்றினான்.

"விறாந்தையில இருந்து பாக்க வடிவாயிருக்கும் அக்கா."

போய்விட்டான்.

மரத்துக்கு இரண்டு வாளி, காலையும் மாலையும். வெயிலுக்குக் கிடுகு சாத்தினாள். அடியில் தேங்காய்ப் பொச்சு பரப்பினாள். கிணறு வற்றிய மாதங்களில் கத்தரியைக் காயவிட்டு இவற்றுக்கு ஊற்றினாள். ஞாயிறுகளில் அவன் தொலைபேசியில் இலைகளைப் பார்த்தான். ஓரம் கருகியிருந்தால், "தண்ணி காணாது, இன்னும் ஊத்துங்கோ" என்றான்.

மூன்றாம் வருடம் தண்டுகள் கையளவு தடித்தன. ஒரு வெள்ளிக்கிழமை அவள் கோயிலிலிருந்து வந்தபோது, பக்கத்துக் காணிப் பரமலிங்கம் அவற்றில் முள்ளுக்கம்பி கட்டி முடித்திருந்தார். ஆறு தென்னைகளும் கம்பிக்கு அந்தப் பக்கம்.

"பரமண்ணை, இதென்ன வேலை?"

"வேலி அடைக்கிறன், பிள்ளை."

"தென்னை என்ர."

"நீர்தானே வேலிக்குக் கதியால் தடி நட்டனீர். நட்ட இடந்தானே எல்லை."

"அது கதியால் இல்லை. வடிவுக்கு வைச்ச மரம்."

"நேராத் தடி ஊண்டி, மூண்டு வருசம் தண்ணி விட்டிட்டு, வடிவாமே." சிரித்தார். "எந்த ஊரில கண்டனீர்?"

ஊர் அலுவலரான விதானை வந்து எல்லைக்கல் தேடினார். சண்டைக்குப் பிறகு காணி துப்புரவாக்கிய புல்டோசர் அதையும் வாரியிருந்தது.

"அளக்கச் சொல்லி எழுதிப் போடுங்கோ. ஒரு வருசம் செல்லும். அதுவரைக்கும் நிக்கிற வேலி நிக்கட்டும்."

அவள் சதீசை அழைத்தாள்.

"ஆறு தென்னைதானே அக்கா, விடுங்கோ. கம்பி மரத்தின்ர பட்டையை வெட்டுதோ எண்டு பாருங்கோ."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். கோடரியை எடுத்தாள்.

முதல் மரம் சாய்ந்தபோது பரமலிங்கம் ஓடிவந்தார்.

"வேலியை வெட்டக் கூடாது, பிள்ளை."

"நட்டது நான் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அதுக்காக?"

"அப்ப வெட்டுறதும் நான்தான். தள்ளி நில்லுங்கோ."

அவர் தள்ளி நின்றார். பதினொன்றும் விழுந்தன. கம்பியைச் சுருட்டி அவர் காலடியில் போட்டாள். உள்ளங்கை கிழிந்திருந்தது.

பிறகு கிளைகளைக் கழித்து, தண்டுகளை ஆளுயரத் துண்டுகளாக்கினாள். தென்னைகளுக்கு அப்பால், பழைய வேலி கிடந்த கோட்டில், அலவாங்கால் குழி தோண்டி ஒவ்வொன்றாக இறுக்கினாள்.

"உது இந்த வெயிலுக்குத் தளிர்க்காது" என்றார் பரமலிங்கம்.

"தளிர்க்க வேண்டாம். நிண்டாக் காணும்" என்றாள். அடுத்த குழிக்கு அலவாங்கை ஓங்கினாள்.