பெட்டி மாறிய ஊசி

இப்போதெல்லாம் ஒரு கேள்விக்கு யாரும் ஒரு பதில் சொல்வதில்லை. ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றைச் சொன்னால் நாக்கு தேய்ந்தா போகும்?

என் வீட்டுக்காரி முப்பிடாதிக்கு முடக்குவாதம். விரல் கோணிப்போய், சேலைக்குக் கொசுவம்கூட நான்தான் வைத்துவிட்டேன். ஊசி போட ஆரம்பித்த பிறகு அவளே கட்டிக்கொள்கிறாள். அடுத்த ஊசிக்காக மட்டாஞ்சேரியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே மருந்துக்கடையில் இருக்கும் மலையாளி நிகில் வேறு நிறத்தில் ஒரு பெட்டியை நீட்டினார்.

"இது அது இல்லையே."

"டாக்டர் மாத்தி எழுதியிருக்கு, அண்ணாச்சி. இது பயோசிமிலர். வேற கம்பெனி. பழசு போலத்தான்."

"போலன்னா? அதே மருந்தா?"

"அச்சு அசலா அதே இல்ல. பலன் அதே."

பஜார் ரோட்டுக் கிடங்கில் மிளகு தரம் பிரித்தவன் நான். மிளகு போலவே இருக்கும் பப்பாளி விதை. 'போல' என்று எவனாவது சொன்னால் மூட்டையையே கவிழ்த்துவிடுவேன்.

"விலை ஏன் குறைவு?"

"முதல்ல கண்டுபிடிச்ச செலவு இவங்களுக்கு இல்லல்லோ. ஆனா பழசோட ஒப்பிட்டு, ஆளுங்களுக்குப் போட்டுப் பார்த்துத்தான் அனுமதி கிட்டும்."

"அப்புறம் ஏன் அதே மாதிரி செய்யல?"

"மாத்திரைன்னா அப்படியே செய்யலாம். இது உயிருள்ள செல்லுல வளர்த்து எடுக்கறது. பழைய கம்பெனி மருந்தே ஒவ்வொரு தடவையும் துளி மாறும், அண்ணாச்சி."

"அப்போ இத்தனை நாளா போட்டதும் அதே இல்லையா?"

நிகில் தலையைச் சொறிந்தார். "அதுவும்... அது போலத்தான்."

அசல் என்று நம்பியதே அசலோடு ஒத்துப்போகவில்லையாம். மாறலாம், பலன் மட்டும் மாறாதாம்.

முப்பிடாதி குறுக்கே வந்தாள். "கொடிக்குக் கொடி மிளகு ஒண்ணுபோலயா இருந்துச்சு? எல்லாத்தையும் மிளகுன்னுதான வித்தாங்க?"

"அது வேற."

"என்ன வேற?"

வேறுதான், அது மட்டும் தெரியும்.

"மறுபடி கை மடங்கிப்போச்சுன்னா?" என்றேன்.

"நோவு கூடினா உடனே டாக்டரைக் காணணும்" என்றார் நிகில். "பழைய மருந்துக்கும் அதே பேச்சுதான்."

"மடங்கினா என் கைதான மடங்கும்" என்றாள் முப்பிடாதி. "நீங்க யோசிச்சு முடிக்கதுக்குள்ள ஊசி நாள் போயிரும்."

பெட்டியை வாங்கிக்கொண்டு ஊசி போடும் அறைக்குள் போய்விட்டாள். நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

"இருங்க அண்ணாச்சி, அவங்க இப்ப வந்துரும்" என்றார் நிகில்.

நான் இருக்கவில்லை. அசலே நிலையாக நிற்காதென்றால் எதை வைத்து எதை ஒப்பிட்டார்கள்? படியிறங்கி, படகுத்துறைப் பக்கம் நடந்தேன். அவள் தேடி வரட்டும். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.