நத்தையை மறித்தவர்

ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றி, இன்னொரு கையால் பசித்த வயிற்றைத் தடவியபடி, மாஸ்டர் அந்தத் தெருவை மறுபடியும் ஒரு சுற்று வந்தார். மலேசியன் ரெஸ்டாரண்ட் வாசலில் சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை. உள்ளே மனைவி காத்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் அவள் தன் மேலதிகாரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்குள் இவர் அவள் மனதை மாற்றியாக வேண்டும்.

விஷயம் இதுதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வருடக்கணக்காகக் கண்ணாடிக் குழாய்களோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு, ஊருக்கு வெளியே திறக்கப்போகும் புதுக் கிளையில் தலைமைப் பதவி. அங்கே பஸ் போகாது. இவருடைய டிரைவிங் ஸ்கூலுக்கு ஆட்கள் வருவதோ காலை நேரத்தில்தான். தினமும் அவளைக் கொண்டுபோய் விட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அவளுக்கே கற்றுக்கொடுக்கலாமே என்றால், அதுவும் நடந்து முடிந்த கதை. ஊரில் பாதிப் பேரை ஓட்ட வைத்த மாஸ்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்துப் பாடம் ஆரம்பித்தார். முதல் திருப்பத்திலேயே சண்டை. இருவரும் தனித்தனியாக நடந்து வீடு வந்து சேர்ந்தார்கள். "உனக்கு இந்த ஜென்மத்துல வண்டி வராது" என்று அன்றைக்கு அவர் சொன்னது, இன்றுவரை குழம்பில் உப்பாக ஏறிக்கொண்டிருக்கிறது.

அப்போதுதான் அந்த மஞ்சள் காரைப் பார்த்தார். இரண்டு வேன்களுக்கு நடுவே, ஊசி நுழையாத சந்தில், அளந்து செருகினாற்போல் நின்றது. கூரைமேல் எதிரியின் போர்டு. அடுத்த தெருவில் போட்டி ஸ்கூல் நடத்துகிறவன். ஆட்களை ஊர்ந்து ஊர்ந்து ஓட்ட வைப்பதால், அவனுக்கு மாஸ்டர் வைத்த பெயர் நத்தை.

"நத்தைக்கு இவ்வளவு சாமர்த்தியமா?" என்று முனகினார். ஆனால் தொழில் தெரிந்த கண் பொய் சொல்லுமா? பின்பக்கமாக எடுத்து, ஒரே மூச்சில் நுழைத்திருக்கிறான். சபாஷ்தான். அந்த சபாஷின் எரிச்சலில், தன் வெள்ளைக் காரை அது வெளியே வர முடியாதபடி மறித்து நிறுத்தினார். வந்து கெஞ்சட்டும்.

உள்ளே தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றின் மணம். கடைக்காரம்மா இரண்டு குவளைகளுக்கு நடுவே டீயை முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றிக்கொண்டிருந்தார். மாஸ்டர் மேஜை மேஜையாக நோட்டம் விட்டார். நத்தையைக் காணோம்.

"யாரைத் தேடுறீங்க? உங்க பெண்டாட்டி இங்க இருக்கா" என்று ஜன்னலோர மேஜையிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

உட்கார்ந்தார். தட்டில் சோறு, வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, செக்கச்சிவந்த மிளகாய்ச் சம்பல். மனப்பாடம் செய்து வந்த பேச்சை ஆரம்பிக்க வாயைத் திறந்தார். பரிமாறுகிறவர் டிரேயோடு மூலையில் வேகமாகத் திரும்பினார். மாஸ்டரின் வலதுகால் தரையைப் படாரென்று மிதித்தது.

"சாப்பிடற இடத்துலயுமா பிரேக்கு?"

"பழக்க தோஷம்."

"அன்னைக்கும் இப்படித்தான். நான் வண்டியைத் திருப்பறதுக்கு முன்னாடியே உங்க பக்கத்து பிரேக்கை மிதிச்சீங்க."

"அதை விடு. இந்த வேலை விஷயமா..."

"காலையிலயே சரின்னு சொல்லிட்டேன்."

சம்பல் தொண்டையில் இறங்காமல் நின்றது. அவள் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"யாரு கொண்டுபோய் விடுவா? என்னால முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

"உங்களைக் கேக்கவே இல்லையே."

"ஆபீஸ் வண்டி வருதா?"

"இல்ல."

"பின்ன, பறந்து போவியா?"

அவள் வேர்க்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மென்றாள். முகத்தில் அடக்கிய சிரிப்பு.

கடைக்காரம்மா வாசலில் இருந்து குரல் கொடுத்தார். "வெள்ளைக் கார் யாருதுங்க? மஞ்சக் காரை அடைச்சுக்கிட்டு நிக்குது."

மாஸ்டருக்குச் சற்றே உயிர் வந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நம்மளுதுதாம்மா. அந்த நத்தையே வந்து கேக்கட்டும்."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டாள். கைப்பையைத் திறந்து, மஞ்சள் பட்டை கட்டிய சாவி ஒன்றை எடுத்தாள்.

"அவரு வரமாட்டாரு, கிளாஸ்ல இருக்காரு. அடுத்த ஆள் வர்றதுக்குள்ள வண்டியைக் கொண்டாந்து விட்டுடறேன்னு சொல்லிட்டு வந்தேன். எந்திரிங்க, உங்க காரை நகர்த்துங்க."

மேஜைக்கடியில் மாஸ்டரின் வலதுகால் முழு பலத்தோடு மிதித்தது. எதுவும் நிற்கவில்லை. அவள் சாவியை விரலில் சுழற்றியபடி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.