சிஸ்டர் ஏறிய மாடிப்படி

ஸ்கேன் ரிப்போர்ட்டை மகன் துணி அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்திருந்தான். முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளிடமா அது பலிக்கும்? எழுபத்து மூன்று வயதிலும் தெருவே அவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டது. நாற்காலி போட்டு ஏறி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் பரவியிருந்தது.

ஒரு வாரமாக வீட்டில் எல்லோரும் ஏன் குரலைத் தணித்துப் பேசுகிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"டாக்டர் எத்தனை மாசம்னு சொன்னாரு?"

மகன் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தான். "அம்மா, அது வந்து..."

"வந்ததைப் படிச்சிட்டேன். மாசத்தை மட்டும் சொல்லு."

"நாலு, அத்தை. கூடிப்போனா ஆறு," என்றாள் மருமகள். அந்த வீட்டில் தைரியசாலி அவள்தான்.

சிஸ்டர் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.  தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் சபைப் பெண்கள் நாலு பேரோடு வந்தார். "ஆண்டவரே, உம்முடைய அடியாள் சமாதானமாய் இளைப்பாற..." என்று ஆரம்பித்தார்.

"பாஸ்டர், கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள் சிஸ்டர். "இளைப்பாற அப்புறம் நிறைய நேரம் இருக்கு. நான் முழிச்சிருக்கணும்னு ஜெபம் பண்ணுங்க."

வந்த பெண்களில் ஒருத்தி சொல்லவந்த ஸ்தோத்திரத்தைப் பாதியிலேயே விழுங்கினாள். பாஸ்டர் சின்ன வயசுக்காரர், ஆனால் விவரமானவர். "நீங்களே பண்ணுங்கம்மா," என்றார்.

சிஸ்டர் கண்ணை மூடவில்லை. "ஆண்டவரே, பயமா இருக்கு. உம்ம மேல கோவமாவும் இருக்கு. முப்பது வருஷமா ஒண்ணை மட்டும் பூசி மெழுகிட்டே ஜெபம் பண்ணியிருக்கேன். அதை அந்தம்மாகிட்ட நேர்ல போய்ச் சொல்றவரைக்கும் இந்த வலி என்னைப் படுக்கப் போடக்கூடாது. ஆமென்."

அந்த ஒன்று இதுதான். ஒரு நாள் வார்டில், ஒரு நோயாளியின் கட்டிலில் பக்கத் தடுப்புக் கம்பியை ஏற்றிவிட அவள் மறந்துபோனாள். நோயாளி விழுந்து இடுப்பு முறிந்தது. பழி வார்டு ஆயாவின் தலையில் விழுந்தது, வேலையும் போனது. விசாரணையில் சிஸ்டர் வாயைத் திறக்கவில்லை.

ஆயாவின் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று ஏறினாள். கதவைத் திறந்த ஆயாவிடம், மூச்சு வாங்க, நடந்ததைச் சொன்னாள்.

"தெரியும்," என்றாள் ஆயா. "அன்னைக்கே தெரியும். நீங்க வந்து சொல்லுவீங்கன்னு ஆபீஸ் வாசல்ல மூணு நாள் நின்னேன்."

கதவு சாத்திக்கொண்டது.

"சொல்லியாச்சு இல்லம்மா, விடு," என்றான் மகன், அவள் வீடு திரும்பியதும். "ஆண்டவர் மன்னிச்சிட்டாரு."

"அதை எழுதி அந்தம்மா கதவுல ஆணி அடிச்சு மாட்டிட்டு வரவா?"

பகலில் தலை தெளிவாக இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் மல்லுக்கட்டி வலி மருந்தைக் குறைத்துக்கொண்டாள். நடந்ததை எழுதி ஆஸ்பத்திரி ஆபீஸுக்கு எடுத்துப்போனாள்.

"இதுக்கு இப்ப ஃபைலே கிடையாதும்மா," என்றார் கிளார்க்.

"அப்ப இதை வச்சு ஒண்ணு திறங்க. நான் உட்கார்ந்திருக்கேன்."

மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவளைக் கிளப்பிவிட்டால் போதும் என்று நகலில் சீல் குத்திக் கொடுத்தார்கள். அதோடு மறுபடி மூன்று மாடி ஏறினாள்.

ஆயா வாசலிலேயே நின்று படித்தாள். "இதால எனக்கு வேலை திரும்பக் கிடைக்குமா?"

"கிடைக்காது."

"பின்ன எதுக்கு?"

"தப்பு உங்க மேல இல்லைன்னு ஒரு இடத்துலயாவது எழுதியிருக்கணும்."

ஆயா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மன்னிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேன்."

"அதைக் கேட்டு வரல."

"மூச்சு இரைக்குது உனக்கு. உள்ள வந்து உட்காரு."

பிறகு புதன்கிழமை தோறும் சிஸ்டர் போனாள். அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஐந்தாவது மாதம் படி ஏற முடியாமல் போனதும் ஆயா வர ஆரம்பித்தாள். மன்னிப்பைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. ஆனால் சிஸ்டரைப் புரட்டிப் படுக்கவைக்கவும், முதுகில் புண் வராமல் துடைத்துவிடவும் அந்தக் கைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் சொன்ன ஆறு மாதம் முடிந்து ஏழாவதும் பிறந்தது. வலி கூடியது. அதிகாலையில் பயமும் வந்தது. வரும்போதெல்லாம் சிஸ்டர் தலையணையை உயர்த்தச் சொல்லி, கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தாள். சில நாள் அது ஜெபம் மாதிரியே இருக்காது, சண்டை மாதிரி இருக்கும்.

ஒரு புதன்கிழமை ஆயா படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஓரத்தை இப்படியா மடிப்பாங்க?" என்றாள் சிஸ்டர்.

"நீ இப்ப நோயாளி. வாயை மூடிக்கிட்டு கிட."

சிஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விலாவெல்லாம் வலித்தது. வலித்தாலும் விடாமல் சிரித்தாள்.